செங்கல் நிலநடுக்கம்: பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

குழுவில் எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் சிலரோடு அறிவியல் விழாவுக்காக ஒரு நிலநடுக்க மாதிரி செய்கிறோம். 2015-இல் சபாவின் ரானாவ் குலுங்கியதைப் பற்றிப் பேசப்போய் வந்த ஆசை.

மணல் தாள் ஒட்டிய பலகைமேல் ஒரு செங்கல். சுருள்வில் கட்டி மெல்ல இழுத்தால் செங்கல் அசையாது, வில்தான் நீளும். உராய்வு தோற்றதும் வெடுக்கென்று தாவும். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை ஆராய்ந்த ரீட் சொன்னதும் இதுதான்: பாறை வளைந்து சேர்த்துவைத்த ஆற்றல் பிளவில் திடீரென விடுபடுகிறது. வில் ரொம்ப விறைப்பாக இருந்தால் தாவலே இல்லை, சும்மா வழுக்கிக்கொண்டு போகிறது. (பிள்ளைகளுக்கு அதில் பெரிய ஏமாற்றம்.)

சிக்கல் என்னவென்றால், எங்கள் தாவல்கள் ஏறக்குறைய ஒரே அளவு. நிஜத்தில் சிறியவை ஏராளம். ரிக்டர் அளவு ஒன்று கூடினால் எண்ணிக்கை சுமார் பத்தில் ஒரு பங்காகிவிடும். 1967-இல் பர்ரிட்ஜ், நொப்பொஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல கட்டைகளை வில்களால் கோத்து இழுத்தார்கள், கணினியிலும் கணக்கிட்டார்கள். சிறிதும் பெரிதுமாகத் தாவல்கள் வந்தன. அதைத்தான் மடிக்கணினியில் காட்ட வேண்டும்.

பைத்தானில் உராய்வை எப்படி எழுதுவது? நின்ற கட்டை நகரும் இடத்தில் என் கணக்கு குழம்புகிறது. அண்ணன்மார், அக்காமார் யாராவது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். மிக மெதுவாகச் சுற்றும் கியர் மோட்டார் ஈப்போவில் எந்தக் கடையில் கிடைக்கும்? கையால் இழுத்தால் வேகம் சீராக வரவில்லை.