என்டிஎஃப்எஸ் டிஸ்க் மட்டும் சில நாள் மவுன்ட் ஆக மறுக்கிறது

ஸ்டுடியோக்காரன்:
கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். லினக்ஸ் மிண்ட் 22. கேமரா கார்டு எக்ஸ்ஃபேட் ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்ல ஃபைலை அடுக்குற முறை), சொருகினதும் திறக்குது. ஆல்பம் டிசைனர் கொடுத்தனுப்புற 2 டிபி டிஸ்க், விண்டோஸோட ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ். சில நாள் திறக்குது, சில நாள் "ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன்"னு நிக்குது. கர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) பதிவைக் காட்டுற டிமெசேஜ் கமாண்டுல பார்த்தா "வால்யூம் இஸ் டர்ட்டி, ஃபோர்ஸ் ஃப்ளாக் இஸ் நாட் செட்". ஃபோர்ஸ் கொடுத்து வலுக்கட்டாயமா மவுன்ட் பண்ணிடலாமா (சிஸ்டத்தோட இணைச்சிடலாமா)? உள்ளே ரெண்டு முகூர்த்தம் இருக்கு, பயமா இருக்கு.

இன்னொண்ணு: பழைய மெஷின்ல எக்ஸ்ட்4 (லினக்ஸ் ஃபைல் சிஸ்டம்) போட்ட பேக்கப் டிஸ்க், புதுசுல திறக்குது, ஆனா எழுதப்போனா பர்மிஷன் டினைடு.

முனையன்:
ஃபோர்ஸ் வேண்டவே வேண்டாம். டிரைவர் உங்க நல்லதுக்குத்தான் அடம் பிடிக்குது. கர்னல் 5.15-ல வந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர், டர்ட்டி கொடி (டிஸ்க்கைச் சரியா மூடலைங்கிற அடையாளம்) இருந்தா எழுதுற மாதிரி மவுன்ட் பண்ணாது.

டிசைனர் டிஸ்க்கை எப்படிக் கழட்டுறார்னு கேளுங்க. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தா ஷட் டவுன் முழு ஷட் டவுன் இல்லை, பாதி தூக்கம். ரீஸ்டார்ட்தான் முழுசா மூடும்! சேஃப்லி ரிமூவ் கொடுத்துட்டுக் கழட்டச் சொல்லுங்க.

புதுக்கணினி:
லினக்ஸ்லயே என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் -டி கமாண்டு போட்டா உடனே சரியாகிடும் அண்ணே.

முனையன்:
தம்பி, அது கொடியைத்தான் இறக்கும், விண்டோஸோட டிஸ்க் சோதிக்கிற கமாண்டு செக்டிஸ்க் மாதிரி முழுசா சோதிக்காது. அடுத்தவர் கல்யாணத்தை வெச்சுப் பரீட்சை பண்ணாதீங்க. விண்டோஸ் மெஷின்ல செக்டிஸ்க் /எஃப் ஓட்டிட்டு எடுத்துட்டு வாங்க.

எக்ஸ்ட்4 கதை வேற. அது ஃபைல் யாருதுன்னு பேரை எழுதி வைக்கிறதில்லை, யூசர் எண்ணைத்தான் (யூஐடி). பழைய மெஷின்ல நீங்க 1000, புதுசுல 1001-ஆ இருக்கும். டெர்மினல்ல ஐடின்னு அடிச்சுப் பாருங்க. அப்புறம் உரிமையாளரை மாத்துற சூடோ சௌன் -ஆர் கமாண்டு கொடுத்து அந்த டிஸ்க் ஃபோல்டரை உங்க பேருக்கு மாத்துங்க. எக்ஸ்ஃபேட்ல இது செல்லாது, அதுல உரிமையாளரே கிடையாது. மவுன்ட் பண்ணும்போது யூஐடி கொடுக்கிறதுதான் வழி.

ஸ்டுடியோக்காரன்:
1001-தான்! சௌன் பண்ணினதும் எழுதுது. இந்த பேக்கப் டிஸ்க் பூட் ஆகும்போதே தானா மவுன்ட் ஆக, எஃப்எஸ்டேப் ஃபைல்ல போட்டுடலாமா?

முனையன்:
போடுங்க, மாறக்கூடிய எஸ்டிபி1ங்கிற பேரை எழுதாம, டிஸ்க்கோட தனி அடையாள எண்ணான யூயூஐடி வெச்சு. நோஃபெயில் ஆப்ஷன் (டிஸ்க் இல்லேன்னாலும் பூட் தொடரட்டும்னு சொல்றது) சேர்க்க மறக்காதீங்க. இல்லேன்னா டிஸ்க் சொருகாத அன்னிக்கு பூட் 90 செகண்ட் காத்திருந்து எமர்ஜென்சி மோடுல போய் நிக்கும்.