செகண்ட் ஹேண்ட் ஈகோஸ்போர்ட்: மூணு வண்டில எதை எடுக்கலாம்?

உறையூர்க்காரன் கேட்டது:

வணக்கம். ஃபோர்டு ஈகோஸ்போர்ட் பழைய வண்டி தேடிட்டு இருக்கேன். இப்போ பேச்சுல இருக்கறது இந்த மூணு:

2016 டைட்டானியம், 1.5 பெட்ரோல், ஆட்டோமேட்டிக், 58,000 கி.மீ.
2018 டைட்டானியம் ப்ளஸ், 1.5 டீசல், மேனுவல், 96,000 கி.மீ.
2018 'எஸ்', 1.0 ஈகோபூஸ்ட் பெட்ரோல், மேனுவல், 61,000 கி.மீ.

விலை மூணுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஓட்டம், திருச்சிக்குள்ள தினம் 15 கி.மீ., அது போக மாசத்துல ஒண்ணு ரெண்டு தடவை சென்னை. வீட்டுல ஆட்டோமேட்டிக் வேணும்னு சொல்றாங்க. எந்த எஞ்சின் நிக்கும், பார்க்கப் போறப்ப எதை எதைக் கவனிக்கணும், கம்பெனி இங்க உற்பத்தியை நிறுத்தினப்புறம் பார்ட்ஸ் நிலைமை என்ன? "நல்ல வண்டி, கண்ணை மூடிட்டு எடுங்க"ங்கற பதில் நிறைய கிடைச்சாச்சு. விவரமா சொல்றவங்க சொல்லுங்க.

ஸ்பேனர்செட்:

மூணும் ஒரே பாடி, ஒரே ஸ்டீயரிங், கிட்டத்தட்ட ஒரே சஸ்பென்ஷன். ஆனா பராமரிப்புச் செலவுல மூணும் மூணு தனி வண்டி. அதனால வேரியன்ட், சன்ரூஃப், டச் ஸ்கிரீன் எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு எஞ்சின், கியர்பாக்ஸை மட்டும் வெச்சு முடிவு பண்ணுங்க.

டீசல்: உங்க ஓட்டத்துக்கு இதுதான். 1498 சிசி, 100 பிஎஸ், நாலு சிலிண்டர், சிலிண்டருக்கு ரெண்டே வால்வு, சிக்கல் இல்லாத அமைப்பு. 2018 வண்டி பிஎஸ்4 (பழைய புகை விதி), அதனால பிஎஸ்6 டீசல்காரங்க படுற டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) அவஸ்தை இதுல கிடையாது. (தினம் 15 கி.மீ. டவுன் ஓட்டத்துக்கு பிஎஸ்6 டீசல் எடுத்தா புகைக்கரியை எரிக்கிற வேலை பாதியிலேயே நின்னு நின்னு, மிச்ச டீசல் ஆயில்ல கலந்து ஆயில் மட்டம் ஏறும். அந்தப் பக்கம் போகாதீங்க.) இதுல பெரிய செலவுன்னா டைமிங் பெல்ட் (வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கிற ரப்பர் பெல்ட்). மாத்தினதுக்கு பில் இல்லைன்னா மாத்தலைன்னே வெச்சு விலை பேசுங்க. ரப்பருக்கு கி.மீ. மட்டும் கணக்கு இல்லை, வயசும் கணக்கு. அறுந்தா பிஸ்டன் வால்வை அடிக்கும், ஹெட்டைக் கழட்டணும். வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுத்துது. பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் நாலையும் ஒரே தடவையா மாத்திடுங்க. பம்ப்பை மட்டும் பழசா விட்டா, அது கசியறன்னிக்கு முழு லேபரும் மறுபடி தண்டம். ஃப்ளைவீல், கேம் ரெண்டுக்கும் லாக்கிங் பின் போட்டு வேலை செய்யற ஆளா பாருங்க. பெயின்ட்ல கோடு போட்டு மாத்தறவர் வேண்டாம்.

ஈகோபூஸ்ட்: ஓட்ட அருமையான எஞ்சின். 999 சிசி, 125 பிஎஸ். 2012-ல இருந்து மூணு வருஷம் தொடர்ச்சியா 'இன்டர்நேஷனல் எஞ்சின் ஆஃப் தி இயர்' விருது வாங்கினது. ஆனா இதுல பெல்ட் ஆயிலுக்குள்ளயே ஓடுது. தப்பான ஆயில் ஊத்தினாலோ, குறைஞ்ச தூரமே ஓடி ஆயில்ல பெட்ரோல் கலந்தாலோ, ரப்பர் ஊறி உதிரும். உதிர்ந்த துகள் போய் ஆயில் பம்ப்போட வடிகட்டியை அடைக்கும். பிரஷர் குறையும், டர்போ பேரிங்ல ஆரம்பிச்சு க்ராங்க் பேரிங் வரைக்கும் காய்ஞ்சு போகும். ஐட்லிங்ல சிவப்பு ஆயில் விளக்கு எரியறப்போ பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இன்னொண்ணு, அமெரிக்காவுல வித்த ஈகோஸ்போர்ட் எல்லாம் நம்ம மறைமலை நகர்ல செஞ்சு கப்பல் ஏத்தினதுதான். அங்க 2018 முதல் 2022 வரையிலான 1.0 வண்டிகளையும் கொஞ்சம் ஃபோகஸையும் சேர்த்து, சுமார் 1.4 லட்சம் வண்டிக்கு 2023 டிசம்பர்ல ரீகால் (கம்பெனியே திரும்பக் கூப்பிட்டு சரி பண்றது) வந்துச்சு. காரணம், ஆயில் பம்ப் பெல்ட்டோட டென்ஷனர். அது போனா ஆயில் பிரஷர் போகும், எஞ்சின் நிக்கும், பிரேக் பூஸ்டும் குறையும்.

2016 பவர்ஷிஃப்ட் (அந்த வண்டியோட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்): இதைப் பத்தி கியர்பாக்ஸ் வேலை தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. என் ஓட்டு: வேண்டாம்.

கோவை கே.பி.:

ஸ்பேனர்செட் அண்ணன் எஞ்சினைச் சொல்லிட்டார், நான் மத்ததைச் சொல்றேன்.

பின் கதவு: ஸ்டெப்னி கதவுலயே தொங்குது, கதவு பக்கவாட்டுல திறக்குது. பாதி திறந்து வெச்சு, கீழ் விளிம்பைப் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க. ஆட்டம் இருந்தா கீல் தேய்ஞ்சிருக்கு. மூடினப்புறம் மேல இடைவெளி ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கான்னு பாருங்க. ரிவர்ஸ்ல சுவத்துல இடிச்சா பம்பருக்கு முன்னாடி ஸ்டெப்னிதான் வாங்கும், அந்த அடி நேரா கதவுத் தகட்டுக்குப் போகும். ஸ்டெப்னியைக் கழட்டிட்டு அது உக்கார்ற இடத்துல நெளிவு, பட்டி போட்ட தடம் தேடுங்க. யாரும் கழட்டிப் பார்க்கறதில்லை. கைப்பிடி வலது டெயில் லைட்டுக்குள்ள மறைஞ்சிருக்கும், அது ஒழுங்கா வேலை செய்யுதான்னு அஞ்சாறு தடவை இழுத்துப் பாருங்க. அப்புறம் ஒரு நடைமுறை விஷயம்: இந்தக் கதவு முழுசா திறக்க பின்னாடி நல்ல இடம் வேணும். உங்க போர்டிகோவுல சுவரை ஒட்டி நிறுத்துவீங்கன்னா டிக்கியைத் திறக்கவே முடியாது.

முன் சஸ்பென்ஷன்: சின்னச் சின்ன மேடுல மெதுவா போறப்ப 'கடகட'ன்னா லிங்க் ராடு. சில்லறை வேலை. பிரேக் பிடிக்கிறப்ப ஒரே ஒரு 'டொக்'னா லோயர் ஆர்ம் புஷ். நின்ன இடத்துல ஸ்டீயரிங் திருப்பினா 'கிர்ர்'னு ஸ்பிரிங் முறுக்கற மாதிரி கேட்டா மேல ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங். மூணும் எல்லா இடத்துலயும் கிடைக்கும், விலை குறைக்க மட்டும் உதவும்.

டயர்: 2016 டைட்டானியத்துல 205/60 ஆர்16, 'எஸ்'ல 205/50 ஆர்17. பக்கச் சுவர் 123 மி.மீ.ல இருந்து 102.5 மி.மீ.க்கு இறங்குது. பள்ளத்துல அடி நேரா அலாய்க்குப் போகும். 'எஸ்' பார்க்கறதா இருந்தா ஜாக்கி போட்டு நாலு சக்கரத்தையும் சுத்திவிட்டு உள்பக்க விளிம்பு கோணியிருக்கான்னு பாருங்க. அதுல சன்ரூஃபும் உண்டு. திறந்து முன் மூலைகள்ல அரை டம்ளர் தண்ணி ஊத்துங்க. முன் சக்கரத்துக்கிட்ட கீழ சொட்டணும். சொட்டலைன்னா குழாய் அடைப்பு, மழைக்கு கார்பெட் ஊறும்.

சென்னை வண்டியா இருந்தா வெள்ளம் முக்கியம். 550 மி.மீ. தண்ணியில போகலாம்னு கம்பெனியே விளம்பரம் பண்ணினதால இந்த வண்டியை தைரியமா தண்ணிக்குள்ள இறக்கினவங்க ஜாஸ்தி. நாலு சீட் பெல்ட்டையும் கடைசி வரைக்கும் இழுத்து சேத்துக்கோடு இருக்கான்னு பாருங்க. டேஷ்போர்டு அடியில இருக்கிற போல்ட் தலைகள்ல துருவையும் பாருங்க.

உறையூர்க்காரன்:

நன்றி அண்ணா. ரெண்டு சந்தேகம். 2016 ஆட்டோமேட்டிக்ல கிளட்ச் ஏற்கனவே மாத்தியாச்சு, சாஃப்ட்வேர் அப்டேட்டும் ஆச்சுன்னு டீலர் சொல்றார். அப்பவும் வேண்டாமா? 'எஸ்' ஓனர்கிட்ட எல்லா சர்வீஸ் பில்லும் இருக்கு. அது போதுமா?

டிரைஷாஃப்ட்:

பவர்ஷிஃப்டுக்கு நான் சொல்றேன். இது ரெண்டு உலர் கிளட்ச் உள்ள டிபிஎஸ்6 பெட்டி. ஒரு கிளட்ச் ஒத்தைப்படை கியருக்கு, இன்னொண்ணு இரட்டைப்படைக்கு. டார்க் கன்வர்ட்டர் (வழக்கமான ஆட்டோமேட்டிக்) மாதிரி நடுவுல திரவம் கிடையாது. டிராஃபிக்ல ஊர்ந்து போறப்ப கிளட்ச் வழுக்கிக்கிட்டே இருக்கும், சூடேறும், பளபளப்பாகும், அப்புறம் உதறும். இன்புட் ஷாஃப்ட் சீல் கசிஞ்சு எண்ணெய் பட்டாலும் அதே உதறல். இது ஒரு வியாதி. கியர்பாக்ஸ் மேலயே மாட்டியிருக்கிற டிசிஎம் (கியரைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) இன்னொரு வியாதி. கிளட்ச் மாத்தினா முதல் வியாதிதான் தீரும். டிசிஎம் போனா திடீர்னு கியர் விழாது, சில நேரம் ஸ்டார்ட்டே ஆகாது.

டீலர்கிட்ட கேக்க வேண்டியது: கிளட்சோட சேர்த்து சீல் மாத்தினாங்களா, மாத்தினப்புறம் அடாப்டிவ் லேர்னிங் (புது கிளட்சை கம்ப்யூட்டருக்குப் பழக்கறது) ஓட்டினாங்களா, டிசிஎம் மாத்தின பில் தனியா இருக்கா. மூணுக்கும் காகிதம் இல்லைன்னா பேச்சே இல்லை. சோதிக்கிறதா இருந்தா 20 நிமிஷம் டிராஃபிக்ல ஓட்டி சூடாக்குங்க. அப்புறம் 5 முதல் 15 கி.மீ. வேகத்துல ஆக்சிலரேட்டரை லேசா மட்டும் மிதிச்சு ஊர்ந்து பாருங்க. கிட்டத்தட்ட நின்னு, நிக்கறதுக்கு முன்னாடி மறுபடி மிதிங்க. ஒரு சரிவுல ரிவர்ஸ் ஏத்துங்க. மூணுலயும் உதறல் இருக்கக் கூடாது. ஃபோர்ஸ்கேன் ஆப் (வண்டியோட பிழைக் கோடைப் படிக்கிறது), வண்டியில சொருகற ஒரு ஓபிடி அடாப்டர் எடுத்துட்டுப் போங்க. பி0902, யு0101ங்கற பிழைக் கோட் ரெண்டுல எது இருந்தாலும் திரும்பி வந்துடுங்க. அன்னிக்குக் காலையில கோட் அழிச்சிருக்கலாம். அதனால ஓட்டி முடிச்சதும் ரெண்டாவது தடவை ஸ்கேன் பண்ணுங்க.

ஆஸ்திரேலியாவுல ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் மூணுலயும் வந்த பவர்ஷிஃப்ட் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல கோர்ட் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. அவ்வளவு தூரம் போன பெட்டி இது.

வீட்டுல ஆட்டோமேட்டிக்தான் வேணும்னா 2017 கடைசியில வந்த ஃபேஸ்லிஃப்ட்ல 1.5 டிராகன் மூணு சிலிண்டர் பெட்ரோல், 6 ஸ்பீடு டார்க் கன்வர்ட்டர் தேடுங்க. பெட்ரோல் கொஞ்சம் குடிக்கும், ஆனா டவுனுக்கு மெத்துனு இருக்கும். அதுலயும் பெல்ட் ஆயிலுக்குள்ளதான். ஆயில் விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது.

ஸ்பேனர்செட்:

'எஸ்' கேள்விக்கு: பில் இருந்தா பாதி கிணறு தாண்டியாச்சு. பில்லுல 5டபிள்யூ-20, டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி ஸ்பெக் ஆயில், 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு இருக்கணும். "சின்தடிக் ஆயில்"னு மட்டும் எழுதியிருந்தா அந்த பில் எதையும் நிரூபிக்காது. மீதிப் பாதிக்கு ஆயில் சம்ப்பைக் கழட்டி வடிகட்டியைப் பார்க்கணும். கருப்பா ரப்பர் துகள், நார் இருந்தா பெல்ட் உதிர ஆரம்பிச்சிருக்கு. பழைய சீலன்ட்டைச் சுரண்டி புதுசு போட்டு மாட்டணும், சுமார் 4.1 லிட்டர் புது ஆயில். அட்வான்ஸ் கொடுத்துட்டு, இந்தச் செலவை நானே ஏத்துக்கறேன்னு ஓனர்கிட்ட சொல்லுங்க. அதுக்கும் ஓனர் ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க.

டீலக்ஸ்டீசல்:

பார்ட்ஸ் பத்தி யாரும் சொல்லலை. 2021 செப்டம்பர்ல அறிவிப்பு, 2022-ல மறைமலை நகர்ல கடைசி வண்டி. சர்வீஸும் பார்ட்ஸும் தொடருது. டீசலுக்கு இன்னொரு வசதி, அதே 1.5 எஞ்சின் ஃபிகோ, ஆஸ்பயர், ஃப்ரீஸ்டைல்லயும் இருக்கு. அதனால பெல்ட் கிட், ஃபில்டர் மாதிரி சாமான் வெளிக்கடையிலயே கிடைக்கும். அலைய வைக்கிறது இந்த வண்டிக்கே உரிய சாமான்தான்: ஹெட்லைட், கைப்பிடி உள்ள டெயில் லைட், பின் கதவு, அதோட கண்ணாடி. வாங்கறப்பவே இதெல்லாம் விரிசல் இல்லாம இருக்கான்னு பார்த்துக்கங்க.

96,000 கி.மீ. டீசல்ல கிளட்சும் மாத்தற நேரம் வந்திருக்கலாம். மூணாவது கியர், 30 கி.மீ. வேகம், முழுசா மிதிங்க. ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறலைன்னா வழுக்குது. ஹைட்ராலிக் சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள்ளயே உக்காந்திருக்கு. கிளட்ச் மாத்தினா அதையும் சேர்த்து மாத்துங்க, இல்லைன்னா அது கசிஞ்சா மறுபடி கியர்பாக்ஸ் இறக்கணும். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் எண்ணெய் டப்பா ஒண்ணுதான். மட்டம் குறைஞ்சிருந்து, நாலு சக்கரத்துலயும் கசிவு இல்லைன்னா கியர்பாக்ஸ் அடியில கை வெச்சுப் பாருங்க.

இன்ஜெக்டர் அடியில 'சஃப் சஃப்'னு காத்து, சுத்தி தார் மாதிரி கரி இருந்தா செப்பு வாஷர் போயிருக்கு. விட்டா இன்ஜெக்டர் இறுகிப்போய் கழட்டறதே பெரும்பாடு. டர்போ ஹோஸ் கிழிஞ்சிருந்தா ஏத்தத்துல விசில் சத்தமும் கரும்புகையும் வரும்.

இதெல்லாம் எஞ்சின் சில்லுனு இருக்கறப்ப பார்த்தாதான் தெரியும். காலையில முதல் ஸ்டார்ட்டை உங்க முன்னாடி அடிக்கச் சொல்லுங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா மறுநாள் வர்றேன்னு கிளம்பிடுங்க.