புதுப்பிப்பு: அம்மாவின் 241 எங்கிருந்து வந்தது

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் அம்மாவுக்குச் சாப்பிட்ட பிறகு வீட்டுக் கருவியில் சர்க்கரை 241 காட்டியது, மாத்திரை வேலை செய்யவில்லையா என்று போன வாரம் பதறிப்போய்க் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அம்மா மாம்பழம் நறுக்கிய கையைத் துணியில் துடைத்துவிட்டு அப்படியே விரலில் குத்தியிருக்கிறார். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் கருவி அதையும் சேர்த்துத்தான் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே குத்த வேண்டும். அப்புறம் நேரம். முதல் கவளத்திலிருந்து 2 மணி நேரம் எண்ண வேண்டும். அம்மா பார்த்தது 1 மணி நேரத்தில், சர்க்கரை ஏறக்குறைய உச்சத்தில் இருக்கும்போது.

நேற்று சரியாகப் பார்த்தோம்: 168. அம்மாவுக்கு 180க்குள் இருந்தால் போதும் என்றார் டாக்டர் (சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குப் பொதுவாக 140க்குள்). மாத்திரையை மாற்றவில்லை. அந்த 241ஐ நம்பி நாங்களாகக் கூட்டிக் கொடுக்காமல் இருந்தோமே, அதுவே பெரிய நிம்மதி.

முதலில் பொரியலும் பருப்பும், கடைசியில் சோறு என்று சாப்பிடும் வரிசையை மட்டும் மாற்றச் சொன்னார். அம்மாவுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை, ஆனாலும் செய்கிறார். சாப்பிட்டதும் வராந்தாவில் 15 நிமிடம் நடக்கிறார். நானும் கூடவே நடக்கிறேன்.