கோத்தகிரியில் ஒரு மாசம் வீட்டிலிருந்து வேலை: வைஃபையை நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

தூரத்துமேகம்:
வணக்கம். ஜனவரி நடுவில் இருந்து ஒரு மாசம் கோத்தகிரியில் தங்கி வேலை பார்க்க எண்ணம். ஊர் சென்னை. தினம் 2 மணி நேரம் வீடியோ கால் இருக்கும். வாடகை 15,000-க்குள். கார் எடுக்கப் போவதில்லை. "வைஃபை இருக்கு சார், பயப்படாதீங்க" என்கிறார் ஓனர். முழு மாசத்துக்கும் முன்பணம் கேட்கிறார். வேறு என்ன பார்க்கணும்?

கம்பிவட்டம்:
"வைஃபை இருக்கு" என்பதெல்லாம் ஒரு பதிலா? ஃபைபரா, சிம் போட்ட ரூட்டரா என்று கேளுங்க. ராத்திரி 8 மணிக்கு மேல், நீங்க உட்காரப்போகும் அறையிலேயே ஸ்பீட் டெஸ்ட் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ரூட்டர் பக்கத்தில் நின்று எடுத்தது செல்லாது. பார்க்க வேண்டியது அப்லோடு வேகம், அதாவது உங்க பக்கத்திலிருந்து போகும் வேகம். நிலையா 4 எம்பிபிஎஸ் (Mbps) வந்தால் ஒரு வீடியோ காலுக்குத் தாராளம். 100 எம்பிபிஎஸ் இருந்தும் பாக்கெட் லாஸ் (டேட்டா வழியிலேயே தொலைவது) இருந்தால் குரல் வெட்டி வெட்டித்தான் கேட்கும்.

மரக்கிளை விழுந்து ஃபைபர் அறுந்தால் பெட்டியில் 'லாஸ்' (LOS, சிக்னல் வரலைன்னு அர்த்தம்) விளக்கு சிவப்பா எரியும். ரூட்டரை அணைச்சுப் போட்டுப் புண்ணியமில்லை, ஆள் வந்து ஒட்டும்வரை காத்திருக்கணும். அதுக்குத்தான் வெவ்வேறு கம்பெனி சிம் இரண்டு. மலையில் ஒரு சரிவில் முழு சிக்னல், திரும்பினால் பூஜ்யம். எந்த சிம் எடுக்கும் என்று பக்கத்து வீட்டில் கேட்பதே மேல். தினம் 2 ஜிபி பிளான் உங்க 2 மணி நேர காலுக்கே தீர்ந்துடும். அப்புறம் 64 கேபிபிஎஸ்தான்.

பன்னிரண்டுவோல்ட்:
கரண்ட் போனால் டவர் பேட்டரியில் ஓடும், ரூட்டர் படுத்துடும். மினி யுபிஎஸ் (ரூட்டரை ஓட்டும் குட்டி பேட்டரி) வாங்கிட்டுப் போங்க. ஃபைபர் பெட்டியும் வைஃபை ரூட்டரும் தனித்தனியா இருந்தால் இரண்டுக்குமே பவர் வேணும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துட்டு நெட் வரலைன்னு புலம்புறவங்கதான் அதிகம். அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட் அப்படியே பொருந்தணும். 9 வோல்ட் ரூட்டருக்கு 12 கொடுத்தால் புகைதான். ஆம்ப் கூட இருந்தால் தப்பில்லை.

லேப்டாப்புக்கு 65 வாட் பிடி (PD, லேப்டாப்புக்கும் சார்ஜ் ஏத்தும் யுஎஸ்பி-சி வகை) பவர்பேங்க். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர். கைக்கு வருவது 60 சொச்சம். சாதாரண வேலைக்கு 3 மணி நேரம் தாங்கும். 2000 வாட் ஹீட்டர் மட்டும் வேண்டாம், பழைய வீட்டு வயரிங்கில் ட்ரிப் ஆனால் ரூட்டரும் சேர்ந்து அணையும்.

காட்டெருமைத்தடம்:
நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிகாலை மேட்டுப்பாளையம். அங்கிருந்து கோத்தகிரிக்கு அரசு பஸ். நீலகிரிக்குச் சொந்த வண்டியில் போறவங்க எடுக்கும் இ-பாஸ் பஸ்ஸில் போனால் தேவையில்லை. ரயிலில் ராத்திரி 11 முதல் 5 வரை சார்ஜிங் பாயின்டை அணைச்சுடுவாங்க, முன்னாடியே ஏத்திக்குங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. சில்வர் பாட்டில் போதும்.

சாப்பாட்டுக் கழிவை வாசலில் வைக்காதீங்க, கரடி வரும். இருட்டின பிறகு நடைப்பயிற்சி வேண்டாம், காட்டெருமை ரோட்டிலேயே நிற்கும். மாசம் நல்ல தேர்வு: ஏப்ரல், மே சீசனில் வாடகை ஏறிடும், நவம்பரில் மண்சரிவு.

முன்பணம் 3 நாளுக்கு மட்டும் கொடுங்க. வியாழன் ராத்திரி கிளம்பி, வெள்ளி லீவு போட்டு, அங்கிருந்தே ஒரு மணி நேரம் நண்பரோட வீடியோ கால் ஓட்டிப் பாருங்க. மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம்.