வலிப்பு வரும் நாய்க்குத் தேங்காய் எண்ணெய் போதுமா?

தோட்டத்துப்பையன்:
சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். எங்கள் கருப்பனுக்கு மூன்று வயது, போன வருடத்திலிருந்து வலிப்பு. ஈப்போ டாக்டர் பெனோபார்பிட்டோன் மாத்திரையும் பொட்டாசியம் புரோமைடும் கொடுத்திருக்கிறார். அது தொடங்கியதிலிருந்து எந்நேரமும் பசி, தாகம். நடக்கும்போது பின்னங்கால் தள்ளாடுகிறது. பார்க்கவே சகிக்கவில்லை. சோற்றை நிறுத்திவிட்டு ஆட்டுக்கொழுப்பும் தேங்காய் எண்ணெயும் கொடுத்து, மாத்திரையைக் குறைக்கலாம் என்று இருக்கிறேன். வலிப்பு வரும் குழந்தைகளுக்கு 1920களிலிருந்தே கொழுப்பு உணவு கொடுக்கிறார்கள். நாய்க்கு மட்டும் ஏன் ஆகாது?

கமலம்அக்கா:
தம்பி, மாத்திரையில் மட்டும் கை வைக்காதீர்கள். பெனோபார்பிட்டோனைத் திடீரென்று குறைத்தால் அதனாலேயே வலிப்பு அடுக்கடுக்காக வரும். தள்ளாட்டம் இருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்து, அளவை மாற்றுவது டாக்டரின் வேலை.

ஆட்டுக்கொழுப்பும் வேண்டாம். இந்த இரண்டு மருந்தும் சாப்பிடும் நாய்க்குக் கணைய அழற்சி வரும் ஆபத்து ஏற்கெனவே உண்டு. அதோடு கொழுப்பையும் கொட்டினால் வாந்தி, வயிற்றுவலி என்று படுத்துவிடும்.

உணவால் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. லண்டன் ராயல் வெட்டினரி காலேஜ் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 21 நாய்களுக்கு எம்.சி.டி. என்னும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு சேர்த்த உணவை மூன்று மாதம், சாதாரண உணவை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். எம்.சி.டி. உணவில் மூன்று நாய்களுக்கு வலிப்பு முழுக்க நின்றது, ஏழு நாய்களுக்குப் பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. ஆறு நாய்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. மாத்திரையை விடாமல்தான் இதெல்லாம் நடந்தது.

லயன்கோடி:
அக்கா, 21 நாயை வைத்து என்ன முடிவுக்கு வருவது? எங்கள் நாய்க்கு வெறும் தேங்காய் எண்ணெய்தான். இப்போது வலிப்பே இல்லை. எம்.சி.டி. என்று நீங்கள் சொல்வதும் தேங்காயிலிருந்துதானே எடுக்கிறார்கள்? அதை வெள்ளி கொடுத்து ஏன் வாங்க வேண்டும்?

கமலம்அக்கா:
தேங்காயிலிருந்தும் எடுக்கிறார்கள், ஆனால் பிரித்து எடுக்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். வலிப்பை அடக்குவதாகச் சொல்லப்படும் கேப்ரிக் அமிலம் அதில் கொஞ்சம்தான். கேப்ரிக் அமிலம்தான் மூளையில் கிளர்ச்சியைக் கடத்தும் ஏற்பிகளைத் தணிக்கிறது. நீங்கள் கரண்டி கரண்டியாக ஊற்றினாலும் நாய் குண்டாகும், அவ்வளவுதான்.

உங்கள் நாய்க்கு நின்றது சந்தோஷம். ஆனால் வலிப்பு தானாகவே சில மாதம் அடங்கிக் கிடக்கும். தோட்டத்தில் நத்தை மருந்தைத் தின்றாலும் வலிப்பு வரும், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயிலும் வரும். எது காரணம் என்று பார்க்காமல் எண்ணெய்க்குப் பேர் கொடுக்கக் கூடாது.

தம்பிக்கு ஒன்று, இதுதான் முக்கியம்: உப்பு. புரோமைடு சாப்பிடும் நாய்க்கு உப்பு திடீரென்று கூடினால், சிறுநீரகம் மருந்தை வேகமாக வெளியே தள்ளிவிடும். மருந்தின் அளவு இறங்கி வலிப்பு வரும். நெத்திலி வறுத்த சட்டியில் சோற்றைப் பிசைந்து வைப்பது, கருவாட்டுக் குழம்பின் மீதியைத் தட்டில் ஊற்றுவது, நம் வீடுகளில் இதெல்லாம் நடக்கும். உப்பைத் திடீரென்று குறைத்தாலும் மருந்து உடம்பில் தேங்கித் தள்ளாட்டம் கூடும். தினமும் ஒரே மாதிரிச் சாப்பாடு போடுங்கள்.

லயன்கோடி:
ஒரே மாதிரிச் சாப்பாடு என்றால் பாக்கெட் தீவனம்தான். மாதாமாதம் மூட்டை வாங்க எல்லாராலும் முடியாது, அக்கா. அதைச் சொல்லாமல் ஆய்வை மட்டும் சொல்லாதீர்கள்.

கமலம்அக்கா:
பாக்கெட்தான் வேண்டும் என்று இல்லை. 2020இல் வந்த ஆய்வில், 28 நாய்களுக்கு வழக்கமான உணவோடு, நாளின் கலோரியில் 9 விழுக்காடு அளவுக்கு எம்.சி.டி. எண்ணெய் கலந்து கொடுத்தார்கள். ஆலிவ் எண்ணெய் கொடுத்த காலத்தைவிட அப்போது வலிப்பு குறைந்தது. வீட்டுச் சோறும் கோழியும், தினமும் உப்பு ஒரே அளவில் இருக்கும்படி அளவாகப் போட்டாலே போதும். சத்துக் குறையாமல் பார்த்துக்கொள்ள டாக்டரிடம் கேளுங்கள்.

தோட்டத்துப்பையன்:
கொழுப்பு உதவும் என்பதில் நான் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறேன். மாத்திரையைக் குறைப்பதை மட்டும் ரத்தப் பரிசோதனை வரும்வரை தள்ளிவைக்கிறேன். எம்.சி.டி. எண்ணெயை எவ்வளவில் தொடங்குவது?

கமலம்அக்கா:
டாக்டர் எடை பார்த்து அளவு சொல்வார். கொஞ்சமாகத் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள், இல்லையென்றால் கழிச்சல் பிடித்துக்கொள்ளும். வலிப்பு வந்த தேதியையும் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் எழுதி வையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அல்லது ஒரே நாளில் திரும்ப வந்தால், உடனே ஈப்போவுக்குக் கொண்டு போங்கள்.