குடும்பக் குழு: நாளைக்குக் காங்கேசன்துறைக்கு ஆர் வாறியள்?

2022 செப்டம்பர் 9, வெள்ளி

வதனி அக்கா, மாலை 6:42
பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கச் சொல்லி நாளைக்குக் காங்கேசன்துறையில கையெழுத்து வாங்கத் தொடங்கினம். வாகனம் ஊர் ஊரா தெற்கில அம்பாந்தோட்டை வரைக்கும் போகுதாம். நான் போறன். ஆர் ஆர் வாறியள்?

தர்சன், 6:45
நான் வாறன் அக்கா. இந்தக் கிழமைப் பெற்றோல் பங்கீட்டில கொஞ்சம் கிடக்கு.

சித்தி, 6:51
தர்சன், பொறு. பேர், அடையாள அட்டை நம்பர் எல்லாம் எழுதச் சொன்னா என்ன செய்வாய்? அந்தத் தாள் ஆற்றை கையில போய்ச் சேருமோ தெரியாது. வேலை தேடுற நேரம் உனக்கு.

ராசன் மாமா கனடா, 7:03
சித்தி சொல்றதிலயும் நியாயம் இருக்கு. 1979இல ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தன இந்தச் சட்டத்தைக் கொண்டு வரேக்கை மூண்டு வருசத்துக்கு மட்டும் எண்டுதான் கொண்டு வந்தவர். 82இல நிரந்தரமாக்கிப் போட்டினம். எத்தினை அரசாங்கம் மாறியும் அசையாத சட்டத்தை ஒரு வாகனம் ஓடி அசைக்குமோ?

தர்சன், 7:06
இப்ப காலிமுகத்திடலில அரசாங்கத்துக்கு எதிராப் போராடின பெடியளையும் அதே சட்டத்திலதான் உள்ளுக்கை வச்சிருக்கினம் மாமா. வசந்த முதலிகே, ஹஷான் ஜீவந்த, சிறிதம்ம தேரர். 90 நாள் தடுப்புக்கு ஜனாதிபதி ரணிலே கையெழுத்து வச்சவர். ஜூன் மாசம்தான் ஜெனிவாவில ஐ.நா. மனித உரிமைப் பேரவையில வெளிநாட்டமைச்சர் பீரிஸ் இந்தச் சட்டத்தைப் பாவிக்கிறதை நிப்பாட்டி வச்சிருக்கு எண்டவர். மூண்டு மாசம் தாங்கேல்லை.

சித்தி, 7:10
அவைக்கெண்டா கொழும்பு றோட்டு நிறையச் சனம் இறங்கும். எங்கட பிள்ளையளுக்கு ஆர் இறங்கினது?

வதனி அக்கா, 7:14
இறங்கினவை சித்தி. 2018இல யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பெடியள் அனுராதபுரம் சிறை வரைக்கும் நடந்தே போனவை. உள்ளுக்கை தமிழ் அரசியல் கைதியள் உண்ணாவிரதம். சாவகச்சேரியில நிண்டு நாங்கள் தண்ணி குடுத்தது ஞாபகமில்லையோ? ஒரு பெடியனுக்குச் செருப்பு வார் அறுந்து, கயிறு கட்டிக்கொண்டு நடந்தவன்.

ராசன் மாமா கனடா, 7:19
மார்ச்சில சட்டத்தைத் திருத்தினவை எல்லோ?

வதனி அக்கா, 7:25
தடுத்து வைக்கிற 18 மாசத்தை 12 ஆக்கினவை. வாக்குமூலப் பிரிவு அப்பிடியே கிடக்கு மாமா. ஏ.எஸ்.பி., அதுதான் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், அவருக்கு முன்னால சொன்னதெண்டு எழுதினா அது வழக்கில சாட்சி. அடிச்சு வாங்கினதெண்டா, அதை நிரூபிக்க வேண்டியதும் அடி வாங்கினவன்தான். எனக்கு ஆத்தாமை அதிலதான். மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீமைப் பாருங்கோ. 2020 மே மாசம் பிடிச்சு, பிணை கிடைச்சது 2021 டிசம்பரில. அந்தப் பிள்ளை எழுதினது கவிதை.

பெரியம்மா, 7:48
கண்ணாடி தேடி எடுத்து எழுதப் பிந்திப் போச்சு. என்ர தம்பியைக் கொண்டு போய் சிங்களத்தில எழுதின நாலு தாளை நீட்டினவை. வாசிச்சுக் காட்டேல்லை. கையெழுத்து வை, வீட்டை போகலாம் எண்டவை. வச்சான். வேற சாட்சி ஒண்டும் இல்லை, அந்த நாலு தாள்தான் வழக்கு. நானும் அம்மாவும் மாசாமாசம் இரவு பஸ் ஏறிப் போவம். அவனுக்குப் பிடிச்ச புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு போவம். வாசலில பொதியை அவிட்டுக் கம்பியால குத்திக் குத்திப் பாப்பாங்கள், குழல் புட்டு உதிர்ந்து போகும். வலைக்கு இஞ்சால நாங்கள், அங்கால அவன். எல்லாரும் ஒரே நேரம் கத்திக் கதைக்கிறதில அம்மா அவன் சொன்ன ஒரு வசனத்தையும் முழுசாக் கேட்டதில்லை. அவன் விடுதலையாகி வரேக்கை அம்மா இல்லை. நான் நாளைக்கு வாறன் வதனி. நம்பர் கேட்டாலும் எழுதுவன்.

சித்தி, 7:56
அக்கா, அந்த நாலு தாளின்ர கதை எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது.

சித்தி, 8:02
எனக்கு இன்னும் பயம்தான். தர்சன் போகட்டும். வதனி, கமராக்காரர் நிக்கிற பக்கம் அவனை விடாதை.

ராசன் மாமா கனடா, 8:05
ஜெனிவாக் கூட்டத்தொடர் திங்கள் தொடங்குது. நான் இஞ்ச எங்கட தொகுதி எம்.பி.க்கு இரவைக்கே எழுதுறன். பெரியம்மா எழுதினதைப் பேர் இல்லாமல் அதில போடலாமோ?

பெரியம்மா, 8:11
பேரோடயே போடு ராசன். தம்பியிட்டைக் கேட்டனான், ஓமெண்டவன்.

வதனி அக்கா, 8:13
அப்ப ஓட்டோ பிடிக்கிறன். பெரியம்மா, காலமை ஏழு மணிக்கு வாசலில நில்லுங்கோ. வெயில் கடும், குடையும் குளிசையும் மறக்காதேங்கோ.