புதுப்பிப்பு: அமிலம், காரம் வீட்டிலேயே காட்ட எது சரிப்பட்டது

அமிலம், காரத்தை ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வீட்டிலேயே விளையாட்டாகக் காட்ட வழி கேட்டிருந்தேன், யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. முதலில் மஞ்சள்தூளைக் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவைத்தோம். சோப்புத் தண்ணீர் பட்டதும் செம்பழுப்பானது, ஆனால் எலுமிச்சைச் சாறு விட்டால் மஞ்சளாகவே இருக்கிறது, அதனால் அமிலத்தைக் கண்டுபிடிக்க இது மட்டும் போதாது. கைகொடுத்தது செம்பருத்தி சொன்னவரின் யோசனைதான்: சிவப்பு இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினோம், எலுமிச்சை விட்டதும் அடர் இளஞ்சிவப்பு, சமையல் சோடா போட்டதும் பச்சை!

எதிர்பாராதது ஒன்று. ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது என்பதை மகளே பிடித்துவிட்டாள், மஞ்சளோடு சேர்க்கும் சுண்ணாம்பு காரம்தானே. அப்புறம், செம்பருத்தி நீரை அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள், வைத்தால் நிறம் மங்கிவிடும்.